தோட்டத்துக் கூத்துக் கலைஞருக்கு அரசாங்க உதவி கிடைக்குமா? விண்ணப்பிப்பதில் பலன் உண்டா?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா தேயிலைத் தோட்டத்தில் தப்பு என்ற பறையை அடிப்பவர், மன்மதன் எரிந்த கதையான காமன் கூத்தும் ஆடுகிறவர். 60 வயதாகப் போகிறதாம். அரசாங்க விருதுக்கோ உதவிக்கோ எழுதிப் போட்டால் ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் அலைச்சல்தானா என்பது கேள்வி. வயதைக் குறிப்பிட்டிருப்பதால், 60 வயதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் கலாபூஷணம் விருதைத்தான் நினைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போடுங்கள் தம்பி, கட்டாயம் போடுங்கள். ஆனால் வெறும் பெயரையும் வயதையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். என் அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மாசி பிறந்தால் அவர் காமன் மாஸ்டர். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதிலிருந்து பௌர்ணமிக்குக் காமன் எரியும் வரை வீட்டில் அவரைப் பிடிக்க முடியாது. ரதிக்கு யார், மன்மதனுக்கு யார், வீரபத்திரனாக ஆட உடம்பில் தெம்பு யாருக்கு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார். பகலில் மலையில் வேலை, இரவில் எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்தில் பழக்கம், விடிந்தால் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். ரதியின் புலம்பல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒரு அடியை ஆட்டக்காரன் விட்டுவிட்டால் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பார். அந்தப் பாட்டெல்லாம் அவருக்கு எழுத்தில் கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு தலைமுறையின் காதும் வாயும்தான் அந்தக் கூத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அவருக்கு 60 முடிந்ததும் நான்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். வெளியிட்ட நூல்கள், பெற்ற விருதுகள், பத்திரிகை நறுக்குகள், சான்றிதழ்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். எழுத்தாளருக்கும் சங்கீத ஆசிரியருக்கும் அது சரி. தோட்டத்துக் காமன் மாஸ்டருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? எந்தப் பத்திரிகைக்காரர் இரவு இரண்டு மணிக்கு லயத்துக்கு ஏறி வந்து படம் எடுத்தார்? கோயில் கமிட்டித் தலைவரின் கடிதம் ஒன்றும், நிறம் மங்கிய போட்டோ ஒன்றும் வைத்து அனுப்பினோம்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது திகதி கடந்திருந்தது. இதைச் சொல்லாமல் போக முடியாது. எத்தனையோ தோட்டங்களைப் போல எங்கள் லயத்துக்கும் தனி விலாசம் கிடையாது. தபால் முழுவதும் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது மேலே வரும்போது கொண்டுவந்து கொடுப்பார்கள். வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரியில் கிளினிக் திகதி மாற்றிய கடிதம், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்த கடிதம் என்று இப்படித் தாமதமாகி எத்தனை வாழ்க்கை தட்டிப் போயிருக்கிறது! எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவாகியும் ஒரு வருடம் பிந்தியது இதனால்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லலாம். வீட்டுக்கு இலக்கம் இல்லாத குடிமகனுக்கு எந்தத் திட்டமும் முழுதாக வந்து சேராது என்பதுதான் என் கோபம்.

சரி, கதைக்கு வருகிறேன். கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவோடு பிரதேச செயலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த கலாசார உத்தியோகத்தர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, வேற ஏதாவது அத்தாட்சி இருக்குங்களா?" என்றார். அப்பா எழுந்து நின்று, "பாடிக் காட்டவா சேர்?" என்று கேட்டார். அவர் என்ன செய்வார்? கோப்பில் வைப்பதற்குப் பாட்டு உதவாதே. அடுத்த வருடம் திரும்பப் போடச் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு சம்மதிக்கவில்லை. இன்றும் அந்த விருது அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு உத்தியோகத்தரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நுவரெலியா, அம்பகமுவ பிரதேசங்களில் ஒவ்வொன்றிலும் 2012 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சனம் இருந்தது. இப்படிப் பெருந்தொகைச் சனத்தைப் பார்க்க வேண்டிய ஒரு பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவு எத்தனை தோட்டத்துக்கு ஏறி இறங்கும்? குறை வேறு இடத்தில் இருக்கிறது. அரசாங்க உதவி பெரும்பாலும் தனி ஆளை, அவர் வைத்திருக்கும் காகிதத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. காமன் கூத்தோ ஒரு தோட்டமே சேர்ந்து செய்யும் கலை. மாஸ்டருக்கு மாலை போட்டுவிட்டு, தப்புக்குத் தோல் மாற்றக் காசில்லாமல் விட்டால் அடுத்த மாசிக்குக் கூத்து இருக்காது. உதவி அந்தக் குழுவுக்குப் போக வேண்டும். வாத்தியத்துக்கு, உடுப்புக்கு, பழகும் இடத்துக்கு, பழக்கும் நாட்களில் போகும் சம்பளத்துக்கு.

இங்கே யாராவது வந்து, "யார் உதவியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்ததுதானே, இப்போது மட்டும் எதற்கு அரசாங்கக் காசு?" என்று கேட்பார்கள். உதவி இல்லாமல் ஒருநாளும் நடக்கவில்லை ஐயா. தொழிலாளிகள் தங்கள் சம்பளத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்காசு போட்டு நடத்தினார்கள். தோட்டமே ஊராக இருந்தது, பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, தோட்ட வேலையில் ஆட்கள் குறைந்தார்கள், இளவட்டங்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டிய பையன் இப்போது கொழும்பில் ஒரு ஹோட்டலில் நிற்கிறான், மாசியில் லீவு கேட்டால் வேலை போய்விடும். எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் இன்னும் நன்றாகவே நடக்கிறது.

அரசும் பல்கலைக்கழகமும் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மலைநாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைத் தேடிப் போய், அதைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மேடை ஏற்றினார். படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்த கூத்தை அதற்குப் பிறகு படித்தவர்கள் பெருமையோடு பார்த்தார்கள். அது பெரிய காரியம், கும்பிட வேண்டிய காரியம். பேராதனையிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தோட்டங்களின் காமன் கூத்துக்கும், பொன்னர் சங்கருக்கும், அருச்சுனன் தபசுக்கும் அந்த அளவு கை நீளவில்லை என்பதுதான் வருத்தம். கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவிமாருக்குக் கிடைத்த மதிப்பைக் குறைத்துப் பேசவில்லை. எங்கள் மாஸ்டர்மாருக்கும் அது வேண்டும் என்கிறேன்.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் அழகியல் பாடம் ஒன்றைப் படிக்க வேண்டும். சங்கீதமா, நடனமா, சித்திரமா, நாடகமும் அரங்கியலுமா என்பது ஏட்டில் உள்ள தெரிவு. எங்கள் பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பாடம். பல வருடங்கள் சித்திரம் மட்டும்தான், அதையும் வேறு பாடத்து ஆசிரியர்தான் எடுத்தார். தமிழில் இசையோ நடனமோ பட்டமாகப் படிக்க எங்கள் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்த் தங்க வேண்டும். அந்தச் செலவுக்கு எத்தனை வீடு தாங்கும்? கர்நாடக சங்கீதமும் பரதமும் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம், என் மகளே பரதம் படிக்கிறாள். அதோடு தப்பும் வகுப்பறைக்குள் வர வேண்டும்.

அப்பாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குத் தப்புப் பழக்கத் தொடங்கியபோது எதிர்ப்பு வந்தது நம்மவர்களிடமிருந்துதான். "சாவு வீட்டுல அடிக்கிறத எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குள்ள?" என்று ஒரு தாய் கேட்டார். அதன் அடியில் சாதி இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியதே இந்தத் தப்புதான். மலையகம் முழுவதும் அதன் சத்தத்தில் விழித்துத்தான் வேலைக்குப் போனது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று நடந்த விழாக்களில் ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்று அடித்து விருந்தினர்களை உள்ளே அழைத்துப் போனார்கள். மேடையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. நான் கேட்டதற்கு நேரம் போதாது என்றார்கள். அரசாங்கம் தப்பைப் பாடத்திட்டத்தில் வைத்து, பழக்குபவருக்கு ஒரு நியமனமும் கொடுத்தால், அந்தத் தாய்க்கும் அந்த விழாக்காரருக்கும் நான் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் மாமா விஷயத்தில், முதலில் அவர் பாடுவதை, அடிப்பதை போனில் பதிவு செய்யுங்கள். எந்த வருடம், எந்தத் தோட்டத்துக் கூத்து என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அவருக்குப் பழக்கியவரின் பெயர், அவரிடம் பழகியவர்களின் பெயர்கள், அவர் கட்டிய வேஷங்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாடசாலை அதிபர், கோயில் கமிட்டி, கிராம உத்தியோகத்தர் மூவரிடமும் கடிதம் வாங்குங்கள். விலாசத்துக்குத் தோட்டத்தை மட்டும் போடாமல், டவுனில் நம்பிக்கையான கடை ஒன்றின் விலாசத்தையும் போன் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கலாசார உத்தியோகத்தரை நேரில் பார்த்து, திகதியை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், மாமாவின் விண்ணப்பத்தோடு நிறுத்தாமல், உங்கள் தோட்டத்துக் கூத்துக்காரர்களை ஒரு கலாமன்றமாகப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வாத்தியத்துக்கோ உடுப்புக்கோ உதவி கேட்பதென்றால் பதிந்த மன்றத்தின் பெயரில் கேட்பதுதான் சுலபம். எங்கள் மன்றத்தின் யாப்புக்கு, அதாவது விதிகளுக்கு, எழுதிய வாசகங்கள் என்னிடம் இருக்கின்றன. தேவையென்றால் கீழே சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.