வனக்குழுவோடு காட்டுக்குப் போகும் மகளுக்கு என்ன படிப்பு?

தேனிப் பக்கம் மலையடிவார ஊரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். லீவு நாளில் ஊர் வனக்குழு இளைஞர்களோடு காட்டு வேலைக்குப் போய்விடுகிறாளாம். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு எடுப்பது, காட்டை மூடிப் பரவும் களையான உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது, மரக்கணக்கு எழுதுவது. இதற்கிடையே சென்னையில் இருக்கும் சித்தப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ இன்ஜினீயரிங் சீட் பேசி வைத்துவிட்டு, நிலத்தை அடகு வைத்தாவது முன்பணம் கட்டச் சொல்கிறார். "காட்டைச் சுற்றுகிற பிள்ளைக்கு என்ன எதிர்காலம்?" என்பது அம்மாவின் கேள்வி.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அந்த முன்பணத்தைப் பார்த்துத்தான். இன்ஜினீயரிங் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்காத பிள்ளைக்கு, கடன் வாங்கி, இன்னொருவர் தேர்ந்தெடுத்த கல்லூரியில் வாங்கித் தருவதைத்தான் தவறு என்கிறேன். நாலு வருஷம் கழித்து வட்டி கட்டப்போவது சித்தப்பா இல்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளந்திருக்கிறாள். சரிவில் நிற்கும் மரத்துக்கு, 'மேட்டுப் பக்கம் நின்று அளந்தது' என்று ஓரத்தில் குறிப்பு. அந்த உயரத்துக்குக் கீழேயே கவை பிரிந்த வேங்கை மரத்துக்கு இரண்டு வரி போட்டு, இரண்டு மரமாகக் கணக்கு வைத்திருக்கிறாள். வனவியல் படிப்பில் மர அளவியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. அதன் முதல் பாடத்தை உங்கள் மகள் காட்டிலேயே படித்துவிட்டாள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.எஸ்சி. வனவியல் நான்கு ஆண்டுப் படிப்பு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசை. நாற்றங்கால், காடு வளர்ப்பு, வன உயிரினம், மரத்தின் தன்மை, செயற்கைக்கோள் படத்தில் காட்டை வாசிப்பது என்று வகுப்பும் களமும் கலந்தே போகும். உங்கள் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. அதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

சரி, வேலை? ரேஞ்சர் (வனச்சரக அலுவலர்) பதவிக்கு வழியான வனத் தொழில் பழகுநர் தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. அதில் வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு. 21 வயதானதும் யுபிஎஸ்சியின் இந்திய வனப் பணித் தேர்வும் எழுதலாம். அதற்குப் பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும், லீவு நாளெல்லாம் மலையேறும் பெண்ணுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அரசுத் தேர்வை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வருஷா வருஷம் வராது. பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு வனவியல் பட்டமும் தகுதிதான். காகித ஆலைகள் விவசாயிகளைக் கொண்டு சவுக்கும் தைலமரமும் வளர்க்கின்றன, அங்கே களத்தில் இறங்கத் தெரிந்தவர்கள் தேவை. மேலே படிக்க ஆசை வந்தால் கோவையிலேயே வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது.

இப்போது மகளுக்கு இரண்டு வார்த்தை. அம்மா பயப்படுவதில் ஒரு பகுதி நியாயம். தீத்தடுப்புக் கோடு எடுக்கும்போது சருகை ஓரமாகக் கூட்டித் தள்ளி வெறும் மண் தெரிய விடுவது உன் வேலை. பற்றிக்கொண்ட தீயை அணைக்க உள்ளே ஓடுவது உன் வேலை இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று உங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ரோந்தும் வேண்டாம், மரம் வெட்டுகிறவர்களை நேரில் மறிப்பதும் வேண்டாம். பார்த்ததை நேரத்தோடும் இடத்தோடும் எழுதி வனக்குழுத் தலைவரிடமும் ஃபாரஸ்டரிடமும் கொடு. பொதுத்தேர்வு முடியும்வரை காட்டுக்கு ஞாயிறு காலை மட்டும் போதும். மேட்டுப்பாளையம் இடத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண்தான், நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அம்மா, சித்தப்பாவிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேச விடாதீர்கள். பல்கலைக்கழகக் கவுன்சலிங் முடியும்வரை எங்கேயும் ஒரு ரூபாய் கட்டுவதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், கையிருப்பாகப் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அதைப் படித்தாலும் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம்.