சிங்கப்பூர் இ பாஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது, அப்பீல் செய்தால் கிடைக்குமா?

இ பாஸ், அதாவது சிங்கப்பூரில் வேலை பார்ப்பதற்கான அனுமதி, ரிஜெக்ட் ஆகிவிட்டதாகவும், ஏஜென்ட் ஒருவர் "அப்பீல் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று நாற்பதாயிரம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அப்பீலை வேலை கொடுக்கும் கம்பெனி போட வேண்டும், அல்லது அந்தக் கம்பெனி அமர்த்திய உரிமம் பெற்ற ஏஜென்சி போட வேண்டும். அதுவும் ரிஜெக்ட் ஆன மூன்று மாதத்துக்குள். நீங்களே போட முடியாது எனும்போது, ஊரில் இருக்கும் ஏஜென்ட் எப்படிப் போடுவார்?

எனக்கும் ஒருமுறை ரிஜெக்ட் ஆனது. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து குடும்பச் சூழ்நிலை, கல்விக் கடன் எல்லாவற்றையும் சொல்லி ஒரு கடிதம் எழுதி எச்ஆருக்கு அனுப்பினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இதை யாரும் பார்க்க மாட்டார்கள். எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று பார்ப்போம்."

2023 செப்டம்பரிலிருந்து புது இ பாஸ் விண்ணப்பங்களுக்கு காம்பஸ் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. சம்பளம், படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டவர் எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை என்று நான்கு அடிப்படைப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. மொத்தம் 40 வேண்டும். (குறைந்தபட்சச் சம்பளம் தனி. 2025 ஜனவரியில் அது மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர் ஆனது, நிதித்துறைக்கு 6,200. வயது கூடக் கூட இதுவும் ஏறும்.)

என் கம்பெனி சின்னது. நிர்வாக, தொழில்நுட்ப வேலைகளில் 25 பேருக்கும் குறைவாக இருந்தால் கடைசி இரண்டு பிரிவுக்கும் தலா 10 தானாகவே கிடைத்துவிடும். சம்பளத்துக்கு 10. ஆக 30. படிப்புக்கு 0! டிகிரி சரிபார்ப்பு வர லேட் ஆனதால், அவசரத்தில் அதைக் காட்டாமலே விண்ணப்பித்திருந்தார்கள்.

சரிபார்ப்பு ஏன் லேட்? இனிஷியல்தான். சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சரிபார்ப்பு நிறுவனம் கேட்டது. அப்பா நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அப்புறம் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து கடிதம் வாங்கினார். அந்தக் கடிதத்தின் மூலையில் முத்திரை மங்கலாக விழுந்திருந்தது என்று திரும்பவும் போய் வாங்கி வந்தார். அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. அந்தச் சரிபார்ப்பு அறிக்கையோடு கம்பெனி அப்பீல் போட்டது. 30 என்பது 40 ஆனது, பாஸ் வந்தது.

அதனால் நிராகரிப்பு அறிவிப்பை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். காரணம் அதில்தான் இருக்கும். படிப்புச் சரிபார்ப்பு, சம்பளம் போன்ற குறை என்றால் சரிசெய்து புதுத் தகவலோடு அப்பீல் போடச் சொல்லுங்கள். பழைய தாள்களையே திரும்ப அனுப்பினால் பழைய பதில்தான் வரும். என்னுடையதைப் போலச் சின்னக் கம்பெனியாக இல்லாமல், நிர்வாக, தொழில்நுட்ப வேலைகளில் ஏற்கெனவே கால்வாசிப் பேர் இந்தியர்கள் என்றால் நாட்டவர் சதவீதப் பிரிவில் 0. அதை நீங்கள் மாற்ற முடியாது, சம்பளமோ படிப்போ ஈடுகட்ட வேண்டும். மனிதவள அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இலவசமாக இருக்கிறது. எச்ஆரை அதில் ஒருமுறை உங்கள் விவரங்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.