கவினுக்கு நடுப்பெயர்

வாழ்த்துகள்! முதற்பெயர் கவின், கடைசிப் பெயர் பாரி, நடுவில் நவின், ஆதித்யா, தாத்தா பெயரான துரைசாமி இவற்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நவின் வேண்டாம். கவின் நவின் என்றால் இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல இருக்கும். ஆதித்யா நல்ல பெயர்தான், ஆனால் 'ன்' முடியும் இடத்தில் 'ஆ' தொடங்குவதால் வேகமாகச் சொன்னால் 'கவினாதித்யா' என்று ஒட்டிக்கொள்ளும். சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஓசைக்கு என் ஓட்டு துரைசாமிக்கே. இரண்டு குட்டிப் பெயர்களுக்கு நடுவே ஒரு நீளமான பெயர், அழகாக உட்காருகிறது. ஒரே சிக்கல், ஆங்கில இனிஷியல் போட்டால் கே.டி. பாரி! வகுப்பில் எவனாவது ஒருத்தன் 'கேடி' என்று ஆரம்பிக்காமல் இருக்க மாட்டான். தமிழில் க.து. பாரி என்று எழுதினால் வம்பில்லை. ஆங்கிலத்தில் பெயரை முழுசாகவே எழுதிப் பழக்குங்கள். பாஸ்போர்ட்டில் நடுப்பெயர் பெரும்பாலும் முதற்பெயரோடு ஒரே கட்டத்தில்தான் வரும். அடியில் எந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் உண்டு, இது தாராளமாக அடங்கும்.

தாத்தா பெயர் கட்டாயமில்லை என்றால் கபிலன் வையுங்களேன். சங்க கால வள்ளல் பாரியின் உயிர்த்தோழர் புலவர் கபிலர். பாரி மாண்டபின் அவன் மகள்களைக் காத்து நின்றவர். கவின் கபிலன் பாரி: மோனையும் இருக்கிறது. எதுவானாலும் பிறப்புச் சான்றிதழில் போடும் ஆங்கில எழுத்துகளையே எல்லா இடத்திலும் போடுங்கள்.