சான்று இருக்கிறது, அது எதைக் காட்டுகிறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் தரம் 10, 11 வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். கருத்துக்கு ஆதாரம் கேட்டால் பிள்ளைகள் ஒரு பழமொழியையோ பாடப்புத்தக வரியையோ எழுதி முடித்துவிடுகிறார்கள். வாதத்தை அலசிப் பார்க்க எப்படிப் பழக்குவது?

பதில்: டீச்சர், அவர்கள் ஆதாரம் என்று ஏதோ ஒன்றைத் தரத்தான் செய்கிறார்கள். அது கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம்தான் விடுபடுகிறது. நாமும் புள்ளி போடும்போது அதைத் தேடுவதில்லை.

அவர்களுக்குப் பழகிய ஒரு வாதத்தில் தொடங்குங்கள்: "கோப்பி நோயால் அழிந்தது, அதனால்தான் மலையகத்துக்குத் தேயிலை வந்தது." அநேகமாக எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அப்புறம் கரும்பலகையில் இரண்டு தகவல்களை மட்டும் எழுதுங்கள். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கோப்பியின் இலைத் துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது 1869இல். பிறகு நீங்கள் பேசாமல் இருங்கள், வகுப்பு வாதாடட்டும்.

"அப்படியானால் பாடம் பொய்யா?" என்று சிலர் தாவுவார்கள். அங்கே நிறுத்துங்கள். 19 ஏக்கரில் நட்டது வேறு, மலையெங்கும் பரவியது வேறு. நோய்க்குப் பிறகுதான் தேயிலை பெருமளவில் பரவியது என்று திருத்தினால் வாதம் நிற்கும். சரி, ஏன் தேயிலை? கோப்பி விழுந்தபோது தோட்டத் துரைமார் சிங்கோனாவையும், அதாவது மலேரியா மருந்தான குயினைன் தரும் மரத்தையும், நிறைய நட்டார்கள். அதன் விலை சரிந்ததும் கைவிட்டார்கள். ஆக, கோப்பியை ஏன் விட்டார்கள் என்பதை நோய் விளக்குகிறது, தேயிலையை ஏன் தேர்ந்தார்கள் என்பதை விளக்கவில்லை. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

முடிவில் ஒவ்வொருவரும் கொப்பியில் ஒரே வாக்கியத்தை நிரப்பட்டும்: "இந்தச் சான்று ... என்பதைக் காட்டுகிறது, ... என்பதைக் காட்டவில்லை." இரண்டாவது பாதிதான் கடினம்.

"பாட்டி சொன்னார்" என்று எழுதினால் அதை வெட்டிவிடாதீர்கள். கொழுந்து பறித்த பாட்டி, தன் காலத்து வேலையைப் பற்றி நேரடிச் சாட்சி. தேயிலை விலை ஏன் விழுந்தது என்பதற்கு அவர் சாட்சியல்ல. இதே அளவுகோலைத் துரைமார் எழுதிவைத்த குறிப்புகளுக்கும் வையுங்கள்: எழுதியவர் எதை நேரில் பார்த்தார், எதைச் சொல்லாமல் விட அவருக்குக் காரணம் இருந்தது? நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்கப் பழக வேண்டும்.

விவாதப் போட்டியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்ட பிள்ளை, தனக்கு எதிரான சான்றை எடைபோடாது, ஒதுக்கவே பார்க்கும்.

அடுத்த கட்டுரையில் பத்துப் புள்ளியில் நான்கை, சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கத்துக்கென்றே ஒதுக்கி, எழுதுமுன் அதை வகுப்பில் சொல்லிவிடுங்கள்.