கம்யூனிட்டி ஃபார்ம்ல சீசன் வேலை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் ஒரு கம்யூனிட்டி ஃபார்ம்ல 12 சீசனா இருக்கேன். முதல் ரெண்டு சீசன் களை எடுக்குற ஆளு, இப்ப யாரு எந்தப் பாத்திக்குப் போகணும்னு காலையில பிரிச்சு விடுற ஆளு. எங்க ஏற்பாடு சிம்பிள், மெம்பர்ஸ் சீசன் ஆரம்பத்துலயே பணம் கட்டிடுவாங்க, அதுக்கு வாரா வாரம் ஒரு கூடை விளைச்சல். காய், கீரை, கிழங்கு, கொஞ்சம் பழமரம், கோழி, நாலு தேனீப்பெட்டின்னு எல்லாம் கலந்து கிடக்கு, ரசாயன உரமோ மருந்தோ கிடையாது. இப்ப சொட்டு நீர் டிரிப்பைத் திறந்து விட்டுட்டு வரப்புல உக்காந்திருக்கேன். அது ஓடி முடியுற வரைக்கும் நேரம் இருக்கு, கேளுங்க.

கேள்வி: அக்கா, நான் 6 வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே வேலை பாத்தவன். இந்த சீசன் ஒரு ஃபார்ம்ல சேரப்போறேன், உடம்பு தாங்குமா?

தாங்கும் தம்பி, ஆனா முதல் வாரம் ஹீரோ ஆகப் பாக்காத. வருஷா வருஷம் பாக்குறேன், முதல் நாள் எல்லாரையும் முந்திக்கிட்டு ஓடுற ஆளுதான் நாலாம் நாள் படுத்துக்குறான். வெயில் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு, முதல் நாள் வழக்கமான வேலை நேரத்துல 20 சதவீதம் மட்டும், அப்புறம் தினமும் இன்னொரு 20 சதவீதம் கூட்டிக்கிட்டே போகணும். விளையாட்டு இல்ல, வெளி வேலையில வெயில் தாக்கி சாகுறவங்கள்ல பாதிக்கு மேல வேலைக்கு வந்த முதல் சில நாள்லயே சாகுறாங்க, உடம்பு பழகுறதுக்கு முன்னாடி. தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி குடி. கூட வேலை பாக்குறவன் சம்பந்தம் இல்லாம உளற ஆரம்பிச்சா, நடை தள்ளாடுனா, அது களைப்புன்னு விட்டுடாத, நிழலுக்கு இழுத்துட்டு வந்து உடம்பு பூரா தண்ணி ஊத்தி ஆம்புலன்ஸ கூப்பிடு.

முதுகுக்கு ஒரே வைத்தியம், ஒரே வேலைய நாள் பூரா செய்யாத. ஒரு மணி நேரம் குனிஞ்சு பறிச்சியா, அடுத்து நின்னுட்டு செய்யுற வேலை கேளு. கேக்குறதுக்கு வெக்கப்பட வேணாம், ஆள் பிரிக்கிறவங்களுக்கே அது மறந்து போயிடும் (எனக்கு மறக்கும்).

கேள்வி: உண்மைய சொல்லுங்க, அறுவடை எத்தனை நாள், களை எத்தனை நாள்?

ஹஹ. அறுவடை ஃபோட்டோவுல நல்லா இருக்கும், களைய யாரும் ஃபோட்டோ எடுக்கறது இல்ல. ஆனா நேரத்தத் தின்னுறது களைதான்.

இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு, களை கண்ணுக்கு நல்லா தெரியுற அளவு வந்துட்டா நீங்க ஏற்கனவே லேட். முளைச்சு வெள்ளை நூல் மாதிரி இருக்குறப்பவே, இன்னும் மண்ணுக்கு மேல தலைய நீட்டியும் நீட்டாமலும் இருக்குறப்பவே, நீளக் கைப்பிடி களைக்கொத்தால மேலாப்ல ஒரு சுரண்டு சுரண்டுனா முடிஞ்சுது. நிமிந்து நின்னுட்டே ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல முடிக்கிற வேலை அது. அதையே ரெண்டு வாரம் தள்ளிப் போட்டீங்கன்னா நாலு பேரு முட்டி போட்டு அரை நாள் புடுங்கணும், புடுங்குறப்ப பயிரும் சேந்து வரும், அப்புறம் யாரு புடுங்குனதுன்னு சண்டை வேற. வெயிலும் காத்தும் இருக்குற நாளா பாத்து காலையிலயே சுரண்டுங்க, சாயங்காலத்துக்குள்ள காஞ்சு போயிடும். மழைக்கு முன்னாடி சுரண்டுறது களைய எடம் மாத்தி நடுற மாதிரிதான்.

இன்னும் முன்னாடியே போறதா இருந்தா பாத்தி போட்டு தண்ணி விட்டு ரெண்டு வாரம் சும்மா விடுங்க. களை முளைக்கட்டும், அத மேலாப்ல அழிச்சுட்டு அப்புறம் விதை போடுங்க. அந்த நேரத்துல ஆழமா மட்டும் கிளறிடாதீங்க, அடியில தூங்குற விதையெல்லாம் எந்திரிச்சு மேல வந்துடும். கேரட்டுக்கு இது இல்லாம முடியவே முடியாது, அது முளைக்க 1 வாரத்துலேர்ந்து 3 வாரம் வரைக்கும் எடுத்துக்கும், களை அதுக்குள்ள குடும்பம் நடத்திடும். நாங்க கேரட் வரிசை மேல ஒரு ஓரத்துல சின்ன கண்ணாடித் துண்டு வெப்போம், அதுக்கு அடியில சூடு ஜாஸ்தி, அதனால அங்க மட்டும் முதல்ல முளைக்கும். அங்க முளை தெரிஞ்ச உடனே மிச்ச வரிசை மேல தீ பர்னர வேகமா ஓட்டிட்டுப் போயிடுவோம், களை கருகிடும், கேரட் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும். முதல் தடவை பாக்குறப்ப வயித்தக் கலக்கும்.

கோரை, அருகு ரெண்டுக்கும் மேல சொன்னது எதுவும் செல்லாது. கோரைய நறுக்குனா அடிக்கிழங்குலேர்ந்து திரும்ப வரும், அருக நறுக்குனா ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. கிழங்கோட வேரோட பொறுமையா தோண்டி எடுக்கணும், எடுத்தத கம்போஸ்ட்ல போடக் கூடாது.

கேள்வி: க்ளவுஸ் போடணுமா?

முள் இருக்குற செடிக்கும் கம்போஸ்ட்டுக்கும் போடுங்க. நாத்து நடுறப்ப வெறுங்கைதான் நல்லது. க்ளவுஸ விட முக்கியம் டெட்டனஸ் ஊசி, கடைசியா போட்டு 10 வருஷம் தாண்டிருச்சுன்னா சேர்றதுக்கு முன்னாடியே போட்டுருங்க.

கேள்வி: ஏன் இத்தனை பயிர்? ரெண்டு மூணு பயிர் மட்டும் போட்டா வேலை ஈஸி இல்லையா?

ஈஸிதான். ஆனா மெம்பர் கூடைக்கு வாரா வாரம் ஏழெட்டு வகை வேணும், 20 வாரம் தக்காளி மட்டும் குடுத்தா அடுத்த வருஷம் யாரு பணம் கட்டுவா? இந்த முன்பணக் கூடை முறை ஜப்பான்ல 1970கள்ல டெய்கெய்ங்குற பேருல பரவுச்சு, சுவிட்சர்லாந்துல ஜெனீவா பக்கம் 1978ல ஒரு கூட்டுறவு தோட்டம், அமெரிக்காவுல 1986ல ரெண்டு ஃபார்ம் ஆரம்பிச்சாங்க. எல்லா எடத்துலயும் அடிப்படை ஒண்ணுதான், விளைஞ்சாலும் பொய்ச்சாலும் சாப்புடுறவங்களும் அதுல பங்கு. பயிர் பல வகையா இருந்தா ஒண்ணு போனாலும் கூடை காலியா போகாது.

மண்ணுக்கும் அது தேவை. கத்தரி, தக்காளி, மிளகா, உருளை எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வர்ற நோய் இன்னொண்ணுக்கும் வரும், அதனால ஒரு பாத்தியில அந்தக் குடும்பம் திரும்ப வர்றதுக்கு 3, 4 வருஷமாவது இடைவெளி விடுறோம். முள்ளங்கிக்கும் முட்டைக்கோசுக்கும் சொந்தம்னு புதுசா வர்றவங்க யாரும் நம்ப மாட்டாங்க.

கஷ்டம் என்னன்னா எல்லாப் பயிரும் ஒரே வாரத்துல கூப்பிடும். சீசன் நடுவுல ஒரு 6 வாரம் இருக்கு, நடவு, களை, அறுவடை, அடுத்த சுத்து நாத்து எல்லாம் ஒண்ணா வந்து விழும். அந்த நேரத்துல நான் போடுற வரிசை, முதல்ல அறுவடை, அடுத்து தண்ணி, அடுத்து விதைப்பு, அப்புறம் களை. விதைப்ப ஏன் களைக்கு முன்னாடி வெக்குறேன்னு சண்டைக்கு வருவாங்க. களைய அடுத்த வாரம் கூட அழுதுட்டே எடுத்துடலாம், விதைக்காம விட்ட வாரத்த எப்பவும் திரும்பப் பிடிக்க முடியாது, ரெண்டு மாசம் கழிச்சு கூடையில அந்த ஓட்டை தெரியும்.

கேள்வி: சாணி உரம் அப்படியே போடலாமா? எங்க ஃபார்ம்ல ஃப்ரெஷ்ஷா கொண்டு வந்து கொட்டுறாங்க.

அறுவடை எப்பன்னு பாத்து போடணும். அமெரிக்க ஆர்கானிக் விதி ஒரு நல்ல அளவுகோல், மண்ண தொடுற காய், கீரை, கிழங்குன்னா மக்காத எரு போட்டு 120 நாள் கழிச்சுதான் அறுவடை, மண்ணு படாம மேல காய்க்கிறதுக்கு 90 நாள். கிருமிதான் காரணம். கோழிய பாத்திக்குள்ள மேய விட்டாலும் இதே கணக்கு எடுத்துக்கோங்க, கோழி எச்சமும் மக்காத எருதான்.

மக்க வெச்சு போடுறதா இருந்தா குவியலுக்குள்ள 55 டிகிரி செல்சியஸுக்கு மேல 15 நாள் நிக்கணும், அதுக்குள்ள 5 தடவையாவது புரட்டிப் போடணும். குச்சித் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி சொருகி வைங்க, கையால தொட்டுப் பாத்து சூடா இருக்குன்னு சொல்றதெல்லாம் கணக்குல வராது. சூடே ஏறலன்னா பெரும்பாலும் ஈரம் பத்தல, இல்ல காஞ்ச சருகு ரொம்ப ஜாஸ்தி. நாறுச்சுன்னா சருகு கம்மி, காத்து போகல.

இதுல நான் பட்ட அடி ஒண்ணு. அஞ்சாவது சீசன்ல வெளியிலேர்ந்து வண்டி நிறைய எரு இறக்குனோம், பாக்க அருமையா மக்கிக் கறுப்பா இருந்துச்சு. தக்காளி நட்டு மூணு வாரத்துல நுனி இலையெல்லாம் சுருண்டு பெரணி மாதிரி ஆயிடுச்சு. வைரஸ்னு நெனச்சு செடியா புடுங்கிப் போட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த மாடு தின்ன புல்லுல அடிச்ச களைக்கொல்லி. அமினோபைராலிட் மாதிரி சில மருந்து மாட்டு வயித்துக்குள்ள போயிட்டு அப்படியே சாணியில வெளிய வரும், மக்குனாலும் சீக்கிரம் அழியாது. புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளை எல்லாம் காலி. அந்தப் பாத்திகள்ல அடுத்த வருஷமும் மக்காச்சோளம் மட்டும்தான் போட்டோம். அதுலேர்ந்து எந்த எரு வந்தாலும் மூணு தொட்டியில கலந்து பீன்ஸ் போடுவோம், பக்கத்துல எரு கலக்காத மூணு தொட்டி. மூணு வாரம் பாத்து ரெண்டும் ஒரே மாதிரி வளந்தாதான் அந்த எரு பாத்திக்குப் போகும்.

கேள்வி: அறுவடைக்கு விடிகாலையில எழுப்பி விடுறாங்க. சாயங்காலம் பறிச்சா ஆகாதா? தூக்கம் போச்சு.

உன் தூக்கத்த விட கீரை தூக்கம் முக்கியம் போல. ராத்திரி பூரா குளுந்து, தண்ணி குடிச்சு இலை விறைப்பா நிக்குறது விடிகாலையில மட்டும்தான். பத்து மணிக்கு மேல வெட்டுனா இலைக்குள்ள வெயில் சூடு ஏறியிருக்கும், அந்தச் சூட்டோட கூடையில அடுக்குனா அடுத்த நாளே வாடும். அதான் வெட்டுன உடனே குளுந்த தண்ணியில முக்கி எடுக்குறது, அழுக்கு போறதுக்கு மட்டும் இல்ல.

ஆனா எல்லாத்துக்கும் விடிகாலை கிடையாது. பீன்ஸ், தக்காளி இலையில பனி ஈரம் இருக்குறப்ப உள்ள போகவே போகாத, ஈர இலையத் தொட்டுட்டு அடுத்த செடியத் தொட்டா நோயக் கையாலயே வரிசை பூரா தடவி விடுற. அதனால முதல்ல கீரை, லெட்டூஸ், அப்புறம் கிழங்கு, இலை காஞ்சதுக்கு அப்புறம் பீன்ஸ், தக்காளி. தக்காளிய ஃப்ரிட்ஜ் ரூம்ல தள்ளிடாத, 10, 12 டிகிரிக்குக் கீழ போனா ருசி செத்துடும்.

கேள்வி: ஆர்கானிக்னா மருந்தே அடிக்க மாட்டீங்கதானே?

அடிப்போம், கடைசி வழியா. முதல்ல வலை மூடுறது, புழுவ கையால பொறுக்குறது, வேற தேதிக்கு விதைக்கிறது. அதுக்கும் அடங்கலன்னா வேப்பெண்ணெய், இல்ல காய்ப்புழுவுக்கு பி.டி. (Bt)னு ஒரு பாக்டீரியா மருந்து. சாயங்காலம்தான் அடிக்கணும், பி.டி. வெயில்ல சீக்கிரம் செத்துப் போயிடும். தேனீயும் அந்த நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். "இயற்கை மருந்துதானே"ன்னு பூ மேல அடிச்சுத் தள்ளுற ஆளுங்கள பாத்தா எனக்குக் கோவம் வரும், இயற்கையா கிடைக்கிறதுலயே தேனீயக் கொல்றது இருக்கு.

கேள்வி: தங்க எடமும் சாப்பாடும் குடுத்து சம்பளம் இல்லாம வேலை வாங்குறாங்களே, இது சரியா?

கொஞ்சம் கோவமான கேள்வி, ஆனா சரியான கேள்வி. வாலன்டியர் முறை புதுசு இல்ல, 1971ல இங்கிலாந்துல வூஃப் (WWOOF)னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சதே வார இறுதியில நகரத்து ஆளுங்க ஃபார்முக்குப் போய் உதவி பண்ணிட்டுக் கத்துக்கிட்டு வர்றதுக்குத்தான். கத்துக்குடுக்குறது இருக்குற வரைக்கும் எனக்கு அதுல பிரச்சனை இல்ல. முழுநேரம் 5, 6 நாள், சீசன் பூரா, ஒரே வேலை, எதுவும் சொல்லித் தர்றது இல்லன்னா அதுக்குப் பேரு வாலன்டியர் இல்ல, கூலி குடுக்காத வேலை. சேர்றதுக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், லீவு எந்த நாள், அடிபட்டா செலவு யாரு பாப்பாங்க, கழுவுறதும் களையும் தவிர வேற என்ன சொல்லித் தருவீங்க. இதுக்கு மழுப்புனா வேற ஃபார்ம் பாருங்க. முடிஞ்சா போன சீசன் ஆள் ஒருத்தர்கிட்ட பேசுங்க, ஒரே ஆள் மூணு சீசன் திரும்பி வந்திருந்தா அந்த எடம் நல்ல எடம்.

கேள்வி: சீசன் முடிவுல வேலை கம்மியா?

வேகம் கம்மி, வேலை கம்மி இல்ல. பூண்டையும் வெங்காயத்தையும் காத்தோட்டமா நிழல்ல 3, 4 வாரம் காய வெக்கணும், சக்கரவள்ளிய சூடும் ஈரமும் இருக்குற ரூம்ல ஒரு வாரம் வெச்சாதான் தோல்ல பட்ட காயம் ஆறி இனிப்பு ஏறும். காலியான பாத்தியெல்லாம் பசுந்தாள் உரப் பயிர் விதைப்போம், சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, குளிர் எடம்னா ரை, வெட்ச். அத பூ எடுக்குறப்ப மடக்கி உழணும், விதை கட்ட விட்டா அதுவே அடுத்த சீசன் களை. மடக்குன உடனே சின்ன விதை எதுவும் போடாதீங்க, 2, 3 வாரம் மக்கட்டும். அப்புறம் டிரிப் லைன் சுத்துறது. எலி கடிச்ச ஓட்டைய அப்பவே அடையாளம் கட்டி வைங்க, வசந்தத்துல தேட முடியாது.

கேள்வி: லாஸ்ட் கேள்வி அக்கா, லெட்டூஸ் ரெண்டு தடவை போட்டும் முளைக்கல. விதை மோசமா?

விதைய திட்டாத, சூடு. மண்ணு 27, 30 டிகிரி தாண்டுனா லெட்டூஸ் விதை தூங்கிடும். குழித்தட்டுல போட்டு ரெண்டு நாள் நிழலான குளுந்த எடத்துல வை, முளை காட்டுனதும் வெளிச்சத்துக்குக் கொண்டு வா. மேல மண்ணு மூடாத, லேசா தூவுனா போதும், நிறைய ரகத்துக்கு முளைக்க வெளிச்சம் வேணும்.

சரி, கடைசிப் பாத்தி நனைஞ்சு வரப்பு வரைக்கும் ஈரம் வந்துடுச்சு, வால்வ மூடிட்டு ஃபில்டர் கழுவணும். மிச்ச கேள்விய போட்டு வைங்க, நாளைக்குக் கீரை வெட்டி முடிச்சதும் பாக்குறேன்.