சர்வரில் சிக்கும் பிரிண்ட்கள்: கேள்வி-பதில்

கே: இரண்டு வரி கடிதம் கொடுத்தால் நூறு பக்கம் புரியாத குறிகளாக அச்சாகிறது. பிரிண்டர் பழுதா?

முதல் வரியைப் படித்தீர்களா? சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து 'பிஎஸ்' என்று இருந்தால் பிரிண்டரில் பழுதில்லை. சர்வரில் இருப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் பக்கத்தை எழுதித் தரும் டிரைவர், பிரிண்டருக்குத் தெரிந்தது பிசிஎல் என்ற வேறு மொழி மட்டும். சரியான டிரைவரைப் போடுங்கள். முதல் சில பக்கங்கள் ஒழுங்காக வந்து பாதியில் குப்பையானால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால், மிச்சத்தைப் பிரிண்டர் வெறும் எழுத்தாக நினைத்து அடித்துத் தள்ளும்.

கே: அச்சாகிவிட்டது என்கிறது சர்வர். தாள் வரவில்லை.

9100 போர்ட்டில், அதாவது பிரிண்டருக்குத் தரவை நேரடியாகத் தள்ளும் நெட்வொர்க் வாசலில், அனுப்பும்போது, தரவைக் கைமாற்றியதோடு சர்வரின் வேலை முடிந்தது. தாள் வந்ததா என்று அதற்குத் தெரியாது. பிரிண்டர் திரையில் பயனர் குறியீடு கேட்டுக் காத்திருக்கிறதா, தாள் அளவு பொருந்தவில்லையா என்று பாருங்கள். அப்புறம் ஐபி முகவரி. நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி அந்த முகவரியை வேறொரு பிரிண்டருக்குக் கொடுத்திருந்தால், உங்கள் சம்பளப் பட்டியல் அடுத்த மாடியில் கிடக்கும். பிரிண்டருக்கு முகவரியை ரிசர்வ் செய்யுங்கள்.

கே: பிரிண்ட் வரவில்லை. அவசரம். உடனே தீர்வு சொல்லவும்.

எந்த சர்வர், எத்தனை பேருக்கு வரவில்லை, க்யூவில் (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில்) என்ன நிலை காட்டுகிறது? இது மூன்றும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கே: தினமும் க்யூ சிக்கிக்கொள்கிறது. காத்திருக்கும் ஃபைல்கள் கிடக்கும் ஸ்பூல் ஃபோல்டரைக் காலி செய்து, அவற்றைப் பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலரை மறுபடி ஓட்டுகிறோம். நிரந்தரத் தீர்வு உண்டா?

தினமும் தடயத்தை அழித்துவிட்டுக் காரணம் கேட்கிறீர்கள். வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. அந்த ஃபோல்டரில் இருப்பது உங்கள் ஜாப் (அச்சுக்கு அனுப்பிய ஆவணம்) மட்டுமல்ல. வரிசையில் நின்ற நாற்பது பேரின் வேலையும் சேர்ந்து போகிறது. அவர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. அனுப்பியாச்சு என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரே எண்ணில் இரண்டு ஃபைல் இருக்கும். எஸ்பிஎல் என்பது அச்சாக வேண்டிய தரவு. எஸ்ஹெச்டி என்பது யார் அனுப்பினார், எந்த க்யூ என்ற விவரம். ஸ்பூலரை நிறுத்துங்கள். க்யூவின் தலையில் சிக்கிய ஜாப்பின் ஜோடியை, நேரத்தை வைத்துக் கண்டுபிடித்து, வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அழிக்காதீர்கள். ஸ்பூலரை ஓடவிடுங்கள். சிக்கல் அந்த ஒன்றில் என்றால் மற்றவை தாமாக அச்சாகும்.

இனி காரணம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸின் ஆபரேஷனல் லாக் இயல்பாக அணைந்தே இருக்கும். முதலில் அதை ஆன் செய்யுங்கள். 307 என்ற பதிவு, அச்சாகி முடிந்த ஜாப்பை அனுப்பியது யார், எந்த பிரிண்டர், எந்த போர்ட், எத்தனை பக்கம் என்று சொல்லும். சிக்கிய ஜாப்புக்கு அது வராது, அதனால் மற்ற பதிவுகளையும் சேர்த்து ஒரு வாரம் பாருங்கள். சிக்கும் ஜாப்கள் ஒரே ஆளிடமிருந்தா, ஒரே மென்பொருளிலிருந்தா, ஒரே டிரைவரிலா என்பது தெரிந்துவிடும். டிரைவர்தான் என்றால் அதை மட்டும் டிரைவர் ஐசோலேஷனில், அதாவது ஸ்பூலரிலிருந்து பிரிந்த தனி புராசஸில், போடுங்கள். அது விழுந்தாலும் ஸ்பூலரை இழுத்துக்கொண்டு விழாது. ஆன்டிவைரஸ் ஸ்பூல் ஃபோல்டரைத் துழாவுகிறதா என்பதையும் பாருங்கள்.

கே: படங்கள் நிறைந்த பெரிய பிடிஎஃப் மட்டும் காணாமல் போகிறது.

டிஸ்கில் இடம் இருக்கிறதா? 10 எம்பி ஃபைல் ஸ்பூலில் சில நூறு எம்பி ஆகலாம். ஸ்பூல் ஃபோல்டரை சி டிரைவிலிருந்து மாற்றுங்கள். அச்சான ஆவணங்களை வைத்திருக்கும் டிக்கையும் எடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ஆபரேஷனல் லாக்கை ஆன் செய்தாயிற்றா?

கே: லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருள் உள்ள சர்வர். ஒரு ஜாப் தோற்றால் பிரிண்டரே நின்றுவிடுகிறது.

எரர் பாலிசி 'ஸ்டாப்-பிரிண்டர்' என்று இருக்கும். 'ரீட்ரை-ஜாப்' ஆக்குங்கள். மாற்றும் முன் எரர் லாக்கைப் படியுங்கள்.

கே: பிங் போகிறது, ஆனால் பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது.

சர்வர் பிரிண்டரின் நிலையை எஸ்என்எம்பி என்ற முறையில் விசாரிக்கிறது, பதில் வராவிட்டால் ஆஃப்லைன் என்று முடிவு செய்துவிடும். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை என்ற டிக்கை எடுங்கள்.