‘ப்ளடி’ மாதாவைப் பழிக்கும் சொல்லா?

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை. ஒரு மாணவன் நண்பனை ‘ப்ளடி ஃபூல்’ என்று திட்டிவிட்டான். ‘பை அவர் லேடி’ என்று மாதாவின் பேரில் செய்த சத்தியம் தேய்ந்துதான் ‘ப்ளடி’ ஆனது, அது தெய்வ நிந்தனை என்று பள்ளிக்கு வந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சியாளர் சொன்னார். இதை வகுப்பில் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். அந்தக் கதைக்கு வலுவான ஆதாரம் இல்லை.

‘பைர்லேடி’ என்று ஆங்கிலேயர்கள் சத்தியம் செய்தது உண்மை, ஷேக்ஸ்பியரிலேயே வருகிறது. ஆனால் அது நம் ‘கடவுள் சத்தியமா’ மாதிரி தனியாக நிற்கும். ‘ப்ளடி’ இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்து ‘ரொம்ப’ என்று அழுத்தம் கொடுக்கும். 1676இல் ஜார்ஜ் எத்தரிஜ் எழுதிய நாடகத்தில் ‘ப்ளடி ட்ரங்க்’ என்று வருகிறது. மூக்குமுட்டக் குடித்தவன் என்று பொருள். குடித்துக் கூத்தடித்த பெரிய வீட்டு இளைஞர்களை அப்போது ‘ப்ளட்ஸ்’ என்பார்கள். அவர்களைப் போலக் குடித்தவன் என்பதிலிருந்து சொல் பிறந்திருக்கலாம் என்ற பக்கம்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சாய்ந்தது. ரத்தம் என்ற சொல்லே அழுத்தமாக மாறியிருக்கலாம் என்பாரும் உண்டு. டச்சு மொழியில் கடும் வெயிலுக்கு ‘ரத்தச் சூடு’ என்றே பெயர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு பாதிரியார். அவரே 1711இல் நெருங்கிய தோழிக்கு எழுதிய கடிதத்தில் வெயிலில் நடந்ததை ‘ப்ளடி ஹாட்’ என்கிறார். மாதாவைப் பழிக்கிறோம் என்று தோன்றியிருந்தால் எழுதியிருப்பாரா?

பயிற்சியாளர் பக்கம் கொஞ்சம் நியாயமும் உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். தெய்வத்தின் பெயர் தேய்ந்து வசையான கதை ஆங்கிலத்தில் நிஜமாகவே நடந்தது. ‘ஸூண்ட்ஸ்’ என்றால் கடவுளின் காயங்கள். ‘ஸ்ப்ளட்’ என்றால் கடவுளின் ரத்தம். 1606இல் வந்த சட்டப்படி, மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். ‘ஸ்ப்ளட்’டையும் ‘ப்ளடி’யையும் முடிச்சுப் போடத் தோன்றும்தான். ஆனால் ‘ஸ்ப்ளட்’டும் தனியாக நிற்கும் சத்தியம், இன்னொரு சொல்லுக்கு அழுத்தம் தராது.

காசு வாங்கிக்கொண்டு சொற்பிறப்புக் கதை விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சொல் முதலில் எந்த ஆண்டில், எந்த எழுத்தில் வந்தது? பதில் வராது. அப்புறம், பழைய கெட்ட வார்த்தை ஏதாவது ஒரு வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டானது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சொல் செய்வது 20ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. வெளியாளுக்கு ஒரு நாளைக்குக் கொட்டிக் கொடுக்கும் பள்ளிகள், ஆசிரியர் அறைக்கு ஒரு நல்ல அகராதி வாங்க யோசிக்கின்றன. பி.எட். படிப்பிலாவது அகராதி பார்க்கச் சொல்லித் தருகிறோமா? அதுவும் இல்லை.

சரி, பையனிடம் என்ன சொல்வது? 1914இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் கதாநாயகி இதைச் சொன்னபோது லண்டனே அதிர்ந்தது. 2006இல் ஆஸ்திரேலியா சுற்றுலா விளம்பரத்திலேயே போட்டது என்று சொல்லுங்கள். நம் ஊரில் மட்டும் இது கோபத்தில் ஒருவரை மட்டம்தட்டவே வருகிறது. அவன் நண்பனைத் திட்டியதுதான் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். வகுப்பு முன்னால் நிறுத்தாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.